மூன்று முறை கிழித்து ஒட்டிய லேபிள்

ஜெர்மனியில் வீட்டுச் சமையலறையிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் போலவே கணவரின் வேலைக்காக இங்கே வந்து, மொழி வகுப்பை முடித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காத பெண்கள். மெழுகு எங்கே மலிவு, திரி என்ன தடிமன், எண்ணெய் எத்தனை சதவீதம் என்றெல்லாம் கேட்பார்கள். லேபிளைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆரம்பத்தில் நானும்தான் கேட்கவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒன்றரை வருடம் புலம்பிய புலம்பலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 செப்டம்பரில் ஆரம்பித்தேன். தொழில் பதிவு செய்தேன். சோயா மெழுகு, கண்ணாடிக் குவளைகள், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கொஞ்சம், மல்லிகை வாசனை எண்ணெய் ஐந்து லிட்டர். ஐந்து லிட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். பழைய சரக்கு, தள்ளுபடி, லிட்டர் 70 யூரோதான் என்று விற்பவர் சொன்னார். மல்லிகை வாசனை என்றதும் எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. குவளையின் அடியில் ஒட்டுவதற்கு, எரியும்போது தனியே விடாதே, குழந்தை கைக்கு எட்டாமல் வை என்று படம் போட்ட வட்ட ஸ்டிக்கர்கள் ரெடிமேடாகக் கிடைத்தன. அதை ஒட்டியதும் சட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஸ்டிக்கர் நெருப்பைப் பற்றியது. மெழுகுவர்த்தியின் தீப் பாதுகாப்புக்கென்று இருக்கும் தனித் தரநிலையைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் ரசாயனத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

அக்டோபர் கடைசியில் ஓர் ஊர்ச் சந்தையில் மேசை போட்டேன். பக்கத்து மேசையில் சோப்பு விற்ற வயதான அம்மாள் என் குவளையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சிஎல்பி ஒட்டலையா?" என்றார். அப்படி ஒரு சொல்லையே அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அன்றிரவு தேடிப் பார்த்தால், 1272/2008 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறை. ஆபத்தான ரசாயனங்களையும் கலவைகளையும் எப்படி வகைப்படுத்த வேண்டும், எப்படி லேபிள் ஒட்ட வேண்டும், எப்படிப் பொதிய வேண்டும் என்பது. 2009 ஜனவரியிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே மாதிரி எச்சரிக்கைப் படங்கள் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கிய ஜிஎச்எஸ் முறையை ஐரோப்பா தன் சட்டமாக எழுதிக்கொண்டது இதில்தான். பெயிண்ட், ஆசிட், பூச்சிமருந்துக்கெல்லாம் இருக்கும் சட்டம் என் மல்லிகை மெழுகுவர்த்தியை என்ன செய்யப்போகிறது என்று தோன்றியது. ஆனால் மெழுகும் வாசனை எண்ணெயும் சேர்ந்தால் அது ஒரு கலவை. கலவையை விற்பவர் அதை வகைப்படுத்த வேண்டும். தொழிற்சாலையா, சமையலறையா என்று சட்டம் பார்ப்பதில்லை.

இங்கேதான் முதல் தவறு. வகைப்படுத்துவது என்றால் என்னவென்று புரியாமல், ஆரஞ்சு எண்ணெய்ப் பாட்டிலில் என்ன அச்சிட்டிருந்ததோ அதை அப்படியே எழுதி எடுத்து, வீட்டு லேசர் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, மறுவாரச் சந்தைக்குள் எல்லாக் குவளையிலும் ஒட்டிவிட்டேன். நான்கு படங்கள்: தீச்சுவாலை, ஆச்சரியக்குறி, மார்பு வெடித்தது போன்ற மனித உருவம், செத்த மீனும் மொட்டை மரமும். மேலே பெரிய எழுத்தில் 'கெஃபார்', அதாவது ஆபத்து. அதற்குக் கீழே எச்304 வாக்கியம்: விழுங்கி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு பெண்மணி ஆரஞ்சு மெழுகுவர்த்தியை முகர்ந்தார், முகம் மலர்ந்தது, பர்ஸைத் திறந்தார். அப்புறம் குவளையைத் திருப்பி லேபிளைப் படித்தார். ஒன்றும் பேசாமல், கண்ணாடிச் சாமானை வைப்பதைவிட மெதுவாக அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மொத்தம் நான்கு விற்றேன். இரண்டு வாரத்துக்கும் சேர்த்து மேசை வாடகை 180 யூரோ. சாயங்காலம் அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "மெழுகுவர்த்திக்கு எதுக்குடி செத்த மீனு?" என்றாள். பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். பாட்டிலில் இருப்பது நூறு சதவீத எண்ணெய்க்கான லேபிள். நான் விற்றது அந்த எண்ணெய் ஆறு சதவீதம் கலந்த, கெட்டியான மெழுகு. எச்304 மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடிய, தண்ணீர் போல் ஓடும் திரவங்களுக்கு உரியது, தீச்சுவாலைப் படத்தோடு அந்த எண்ணெயில் இருந்த வாக்கியம் தீப்பற்றும் திரவங்களுக்கு உரியது. குவளையில் உறைந்திருக்கும் மெழுகுக்கு இரண்டும் பொருந்தாது. மீனுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். தேவைக்கு மேல் எச்சரிப்பது பாதுகாப்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பொருந்தாத எச்சரிக்கை ஒட்டினால் அதுவும் தவறான லேபிள்தான். கறுப்பு வெள்ளையும் கூடாது. வெள்ளைப் பின்னணி, கறுப்புப் படம், சிவப்புக் கரை, இந்த மூன்றும் இருந்தால்தான் அது சட்டப்படி எச்சரிக்கைப் படம்.

அந்த லேபிள்களையெல்லாம் சுடுநீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். பிறகு எண்ணெய் விற்ற கடை தன் தளத்தில் 'பத்து சதவீதத்துக்கான சிஎல்பி' என்று ஒரு மாதிரி லேபிளைக் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தேன். ஆச்சரியக்குறி மட்டும், 'ஆக்டுங்' என்ற மெல்லிய எச்சரிக்கைச் சொல், எச்317, அதாவது தோலில் ஒவ்வாமை ஏற்படுத்தலாம். பார்க்கவே லட்சணமாக இருந்தது. அச்சகத்தில் கொடுத்து 500 அடித்தேன், 95 யூரோ. 2022 ஜனவரியில் குச்சி டிஃப்யூசரும் செய்யத் தொடங்கினேன். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் மணமில்லாத கரைப்பானும் வாசனை எண்ணெயும் ஊற்றி, உறிஞ்சும் குச்சிகளைச் செருகி வைப்பது. மெழுகுவர்த்தியில் எட்டு சதவீதம் எண்ணெய் போட்டால் போதும், டிஃப்யூசரில் இருபது போட்டால்தான் அறை மணக்கும். இருபது போட்டேன். லேபிள் மட்டும் அதே பத்து சதவீத லேபிள். 500 அடித்தாயிற்றே, வீணாக்குவானேன் என்ற நம் ஊர்ப் புத்தி.

அந்த வருடம் வியாபாரம் நன்றாகவே போனது. ஒரு சின்னப் பரிசுப்பொருள் கடை என் டிஃப்யூசர்களை வைத்துக்கொண்டது. ஆகஸ்டில் தோழி ஒருத்திக்கு வளைகாப்பு. தாம்பூலப் பையில் வைக்க மல்லிகை டிஃப்யூசர் பன்னிரண்டு கேட்டாள். இங்கே மல்லிகைப் பூவுக்கு எங்கே போவது, வாசனையாவது இருக்கட்டும் என்றாள். அவள் படுக்கையறைக்கென்று பதின்மூன்றாவதாக ஒன்றை நானே ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். இந்தப் பதின்மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை. மேசைக்கு வருகிற எல்லோரும் பாட்டிலை எடுத்தால் முதலில் முகர்வார்கள். அன்று வந்தவர் முகரவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எஃகு ஸ்கேலை எடுத்து என் ஆச்சரியக்குறிக் கட்டத்தின் ஓரத்தில் வைத்தார். ஏழு மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். சந்தைக் கண்காணிப்பிலிருந்து வருவதாகச் சொல்லி அட்டையைக் காட்டினார். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. "பத்து மில்லிமீட்டர் இருக்கிறதே" என்றேன். முனைக்கு முனை அளந்தால் பத்துதான். ஆனால் படத்தின் அளவு என்பது சாய்ந்து நிற்கும் அந்தச் சதுரத்தின் பக்கம். பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. என்னுடையதில் பாதிதான் இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று எனக்கும் கோபம் வந்தது. அது அன்றைய கேள்விகளிலேயே சின்னது என்று அப்போது தெரியாது.

அடுத்து, "இந்த யூஎஃப்ஐ எங்கிருந்து வந்தது?" என்றார். லேபிளில் நான்கு நான்கு எழுத்தாகப் பதினாறு எழுத்தில் ஒரு கோடு இருக்கும். எண்ணெயின் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒன்று இருந்தது, அதை அச்சகத்தில் கொடுத்தேன். "அது எண்ணெயின் கோடு. உங்கள் கலவையின் கோடு எங்கே?" வாயைத் திறக்க முடியவில்லை. இந்தக் கோடு எதற்கென்றால், ஒரு குழந்தை இதைக் குடித்துவிட்டது என்று விஷமுறிவு மையத்துக்குத் தாய் போன் செய்தால், இந்தப் பதினாறு எழுத்தைப் படித்ததும் மறுமுனையில் இருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். நான் போட்ட கோட்டைப் படித்திருந்தால், என் பாட்டிலில் இல்லாத ஒரு கலவையின் விவரத்தைத்தான் அந்த மருத்துவர் பார்த்திருப்பார். "டிஃப்யூசரில் எண்ணெய் எத்தனை சதவீதம்?" என்பது அடுத்த கேள்வி. இருபது என்றேன், கொஞ்சம் பெருமையோடு. அவர் நிமிர்ந்து பார்த்தார். கணக்கும் தரவுத் தாளும் இரண்டு வாரத்தில் வேண்டும், அதுவரை டிஃப்யூசர் விற்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

அன்றிரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து, வாங்கி ஒரு வருடம் ஆகியும் திறக்காத அந்தத் தரவுத் தாளை முதன்முதலாக முழுதாகப் படித்தேன். பதினாறு பிரிவுகள். பயப்பட வேண்டாம், நமக்கு உடனே வேண்டியது மூன்று. இரண்டாம் பிரிவில் ஆபத்துகள் இருக்கும், அவை நூறு சதவீத எண்ணெய்க்கானவை என்பதை மறக்காதீர்கள். மூன்றாம் பிரிவில் என்னென்ன பொருள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஒன்பதாம் பிரிவில் தீப்பற்று வெப்பநிலை முதலானவை இருக்கும். உங்கள் கணக்கு மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. முதல் பக்கத்தில் தேதியையும் பாருங்கள். என்னிடம் இருந்தது 2019 ஆம் வருடத்துத் தாள்.

கணக்கைச் சொல்கிறேன், நான்காம் வகுப்புப் பெருக்கல்தான். என் மல்லிகை எண்ணெயில் லினலூல் என்ற வாசனைப் பொருள் 10 முதல் 20 சதவீதம் என்று போட்டிருந்தது. இப்படி வீச்சாகக் கொடுத்திருந்தால் மேல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகில் எண்ணெய் எட்டு சதவீதம் என்றால், இருபதில் எட்டு சதவீதம், ஆக மெழுகுவர்த்தியில் லினலூல் 1.6 சதவீதம். தோல் ஒவ்வாமையில் லினலூல் 1பி வகை, அதற்கு வரம்பு ஒரு சதவீதம். தாண்டிவிட்டது, ஆகவே எச்317, ஆச்சரியக்குறி, ஆக்டுங் என்ற சொல், யூஎஃப்ஐ எல்லாம் வேண்டும். எண்ணெயை நாலரை சதவீதமாகக் குறைத்தால் 0.9. வரம்புக்குள் வந்துவிடும். அப்போது படம் வேண்டாம், ஆனால் முழுதாகத் தப்பிக்கவும் முடியாது. வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் இயூஎச்208 என்ற வாக்கியம் வேண்டும்: இதில் லினலூல் இருக்கிறது, ஒவ்வாமை ஏற்படலாம். ஒவ்வாமைப் பொருள்களை ஒன்றோடொன்று கூட்டக்கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதனதன் வரம்போடு பார்க்க வேண்டும். 1ஏ வகை என்று போட்டிருந்தால் வரம்பு இன்னும் பத்து மடங்கு கடுமை, 0.1 சதவீதம். இந்த 'ஏ', 'பி' எழுத்தைக் கண் தாண்டிப் போய்விடும், விரலை வைத்துப் படியுங்கள்.

மீன் கணக்கு இதற்கு நேர் எதிர். நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்பவற்றைக் கூட்ட வேண்டும், அதுவும் கடுமையானதைப் பத்தாலோ நூறாலோ பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 25 ஐத் தொட்டால் வகைப்பாடு வந்துவிடும். ஆனால் மூன்றாம் வகையில் நின்றுவிட்டால் எச்412 என்ற வாக்கியம் மட்டும்தான், மீன் படம் கிடையாது. என் மல்லிகை மெழுகுவர்த்தி அங்கேதான் நின்றது. அம்மாவிடம் போன் போட்டு மீன் போய்விட்டது என்று சொன்னேன்.

இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மூன்றாம் பிரிவில் இன்னொரு வரி பாக்கி இருந்தது. வாயில் நுழையாத நீளப் பெயர், வாசனைத் தொழிலில் லிலியல் என்பார்கள். ஒன்று முதல் இரண்டு சதவீதம். என் 2019 தாளில் அது குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பட்டியலில்தான் இருந்தது. தேடிப் பார்த்தால், 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது 1பி வகை, கருவுறுதலைப் பாதிக்கக்கூடியது, கருவிலிருக்கும் குழந்தையையும் பாதிக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது என்று கட்டாய வகைப்பாடு. அந்த வகையில் உள்ள பொருள் 0.3 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் கலவையைப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது. லேபிள் ஒட்டியும் விற்கக்கூடாது.

பென்சிலை எடுத்துப் பெருக்கினேன். மெழுகுவர்த்தியில் 0.16, வரம்புக்குள். டிஃப்யூசரில் 0.4.

ஒரே எண்ணெய், ஒரே புட்டி. எட்டு சதவீதம் ஊற்றினால் விற்கலாம், இருபது ஊற்றினால் குற்றம். இரண்டிலும் ஒரே லேபிளை ஒட்டி வைத்திருந்தேன். எதை வாங்கினோம் என்பதற்கு அல்ல, எதைக் கலந்தோம் என்பதற்குத்தான் லேபிள் என்று யாராவது அந்த அக்டோபரில் என்னிடம் சொல்லியிருந்தால் இந்த இரவு வந்திருக்காது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, ஆகஸ்ட் மாதம்தான் கண் முன்னால் வந்தது. வளைகாப்பு. பதின்மூன்று பாட்டில்கள்.

காலை எட்டு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எடுத்தாள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நீங்களும் தெரியாமத்தானே குடுத்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு, "அது கட்டில் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றாள். அவள் குழந்தைகள் மருத்துவரிடமும் கேட்டாள். வகைப்பாடு சொல்வது ஒரு பொருளின் இயல்பை. அது எவ்வளவு, எந்த வழியாக உடம்புக்குள் போனது என்பது வேறு கேள்வி. அறையில் மணத்ததற்காகப் பயப்பட வேண்டாம், பாட்டிலை அப்புறப்படுத்திவிடுங்கள் என்றார் அவர். குழந்தை நன்றாக இருக்கிறது. நானும் அவளும் இன்றும் பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு மறக்கவில்லை.

பதின்மூன்றில் ஒன்பது திரும்பி வந்தன. பரிசுப்பொருள் கடையில் இருந்தவற்றையும் எடுத்து வந்தேன். இணையத்தில் வாங்கியவர்களுக்கு எழுத முடிந்தது, முகவரி இருந்தது. சந்தையில் காசு கொடுத்து வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது? என் பக்கத்தில் அறிவிப்புப் போட்டேன், அலுவலகத்துக்கும் நானே எழுதித் தெரிவித்தேன். ஒளிக்காமல் சொன்னது எனக்கு நல்லதாகவே முடிந்தது, அபராதம் வரவில்லை. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எண்ணெய் விற்ற கடைக்கு எழுதியதும் ஒரே நாளில் புதிய தரவுத் தாள் வந்தது, அதில் லிலியல் இல்லை. முன்பே எண்ணெயை மாற்றிவிட்டார்களாம். என்னிடம் இருந்தது பழைய சரக்கு. தள்ளுபடிக்குக் காரணம் புரிந்தது. தெரிந்தே தள்ளிவிட்டார்களா என்று கேட்டால், ஆதாரம் கிடையாது. அதிலிருந்து ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அந்தத் தொகுப்பு எண்ணுக்குரிய தரவுத் தாளைக் கேட்டு வாங்குவேன், கிடைக்காவிட்டால் எண்ணெயும் வேண்டாம்.

கணக்கு இதோ. விற்க முடியாமல் போன டிஃப்யூசர் 52, ஒன்றுக்கு அடக்கம் 7 யூரோ என்று 364. மிச்சமிருந்த மூன்று லிட்டர் எண்ணெய் 210. இதையெல்லாம் சாக்கடையில் ஊற்ற முடியாது, தொழில் கழிவு என்று அபாயக் கழிவு மையத்தில் கொடுக்க 65. அச்சடித்த லேபிள் 95, மறுபடி அடித்தது 120. அந்த முதல் சந்தை வாடகை 180. மொத்தம் 1,034. கிறிஸ்துமஸ் வியாபாரம் போனதை இதில் சேர்க்கவில்லை. எல்லாம் சரியாகி மறுபடி விற்க 2023 ஏப்ரல் ஆனது.

அந்த நான்கு மாதத்தில் அதிகம் அழவைத்தது யூஎஃப்ஐதான். முதலில், அது எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலத்துக்கோ, தீப்பற்றுவது போன்ற பௌதிகக் காரணத்துக்கோ வகைப்பட்ட கலவைக்குத்தான் வேண்டும். சுற்றுச்சூழல் வாக்கியம் மட்டும் இருந்தாலோ, இயூஎச்208 மட்டும் இருந்தாலோ வேண்டாம். இதைத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் கோடு எடுக்க உட்கார்ந்து நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். கோட்டை உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. ஹெல்சின்கியில் இருக்கும் ஐரோப்பிய ரசாயன முகமையின் தளத்தில் இலவசக் கருவி இருக்கிறது. வாட் எண்ணும், அதாவது மதிப்புக் கூட்டு வரி எண்ணும், நீங்கள் கலவைக்கு வைக்கும் ஓர் எண்ணும் கொடுத்தால் போதும். என்னைப் போன்ற சிறுதொழிலுக்கு வாட் எண் இருக்காது, அதற்கென்று வேறு வழியும் அதிலேயே இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கோடு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டோடு கலவையின் முழு விவரத்தையும் முகமையின் தளம் வழியாக, விற்பனைக்கு வைப்பதற்கு முன்பே சமர்ப்பிக்க வேண்டும். எந்தெந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்தந்த நாட்டையும் குறிக்க வேண்டும். எண்ணெய்க்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கு முழுதாகத் தெரியாதே என்றால், எண்ணெயின் யூஎஃப்ஐயை அங்கே பாகமாகக் கொடுக்கலாம். நான் லேபிளில் போட்ட அந்தக் கோட்டுக்கு உண்மையான இடம் அதுதான். அந்த எண்ணெய் உங்கள் நாட்டில் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு சதவீத மெழுகுக்கும் இருபது சதவீத டிஃப்யூசருக்கும் ஒரே கோடு செல்லாது.

மொழி விஷயத்திலும் ஒரு அடி வாங்கினேன். பிரான்சுக்கு மூன்று மெழுகுவர்த்தி அனுப்ப, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு பிரெஞ்சு லேபிள் செய்தேன். ஆபத்தைச் சொல்லும் எச் வாக்கியங்களையும், முன்னெச்சரிக்கை சொல்லும் பி வாக்கியங்களையும் நாம் மொழிபெயர்க்கவே கூடாது. ஒன்றியத்தின் ஒவ்வொரு மொழியிலும் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டத்தின் இணைப்பிலேயே அச்சிட்டிருக்கிறது, அதை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். பி வாக்கியங்கள் பொதுவாக ஆறுக்கு மேல் வேண்டாம். என் இரண்டாவது லேபிளில் ஒன்பது இருந்தன, அதனால்தான் படத்துக்கு இடமில்லாமல் ஏழு மில்லிமீட்டரில் முடங்கியது.

ஸ்ப்ரே செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. எரிசாராயம் அதிகம் கலந்த அறை ஸ்ப்ரே எளிதில் தீப்பற்றும் இரண்டாம் வகைக்குள் போய்விட்டால், கண் தெரியாதவர் விரலால் தடவி அறிய உதவும் முக்கோணப் புடைப்பு பாட்டிலில் வேண்டும். தண்ணீர் போல் ஓடும் எண்ணெய் டிஃப்யூசருக்கு எச்304 வந்துவிட்டால் அந்தப் புடைப்போடு குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் வேண்டும். குச்சி செருகித் திறந்தே வைக்கும் பாட்டிலுக்கு அப்படி மூடி எங்கே போடுவது? அந்த வகைக் கரைப்பானையும் எண்ணெயையும் ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுவதுதான் நான் கண்ட வழி.

இணையத்தில் விற்றால், வாங்குபவர் லேபிளைப் பார்க்காமலே காசு கட்டுகிறார் இல்லையா, அதனால் ஆபத்து விவரம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான் லேபிளின் தெளிவான படத்தையும் வாசகத்தையும் இரண்டாவது படமாகவே வைத்துவிடுகிறேன். விற்பனை குறையும் என்று பயந்தேன், குறையவில்லை. லேபிளில் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் கட்டாயம். வீட்டு எண்ணை ஊருக்கெல்லாம் கொடுக்க மனமில்லாமல் தொழிலுக்கென்று ஒரு தனி சிம் வாங்கினேன். கணக்குத் தாள், தரவுத் தாள் எல்லாவற்றையும் கடைசியாக விற்ற நாளிலிருந்து பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். என்னுடையவை பழைய பலகாரப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன.

இதையெல்லாம் ஆலோசகரிடம் கொடுத்துச் செய்துகொள்ளக் கூடாதா என்றால், செய்யலாம். கணவரும் அதையேதான் சொன்னார். எனக்கு ஒரு கலவைக்கு அவர்கள் கேட்ட தொகை, அந்த வாசனையில் ஒரு வருட லாபத்தைவிட அதிகம். அதனால் நானே விரிதாளில் போட்டேன். ஆனால் வாசனைகளைப் பதினொன்றிலிருந்து நான்காகக் குறைத்தேன். நான்குக்கு மட்டும்தான் என்னால் கணக்கு, கோடு, சமர்ப்பிப்பு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்.

இப்போது மறுபடி லேபிளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2024 இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி எழுத்துக்கும் குறைந்தபட்ச உயரம் வைத்துவிட்டார்கள். அரை லிட்டருக்கு உட்பட்ட பாட்டிலில் 1.2 மில்லிமீட்டர், அதுவும் சின்ன எழுத்து 'எக்ஸ்' இன் உயரம். அந்த ஆள் வைத்திருந்தது போலவே ஓர் எஃகு ஸ்கேல் வாங்கி வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடியோடு என் லேபிள் முழுக்கத் தேடிவிட்டேன், அளக்க ஓர் 'எக்ஸ்' கூட இல்லை.